அச்சடிக்காத எட்டுப் பக்கம்

ஹட்டன் நகரத்தில் என் பெயர் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஆனால் 'பேப்பர் மிஸ்' என்று கேட்டால் பஸ் நிலையத்திலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் எந்தக் கடையிலும் வழி சொல்வார்கள். புதிதாக வருகிறவர்கள் நான் செய்தி எழுதுகிறவள் என்று நினைத்துக்கொண்டு, தோட்டத்து ரோடு உடைந்து கிடப்பதையும் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வராததையும் என்னிடம் முறையிடுவார்கள். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். ரோடும் தண்ணீரும் என் இலாகா இல்லை. கொழும்பில் அச்சாகும் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு மலைநாட்டில் விளம்பரம் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடம் அதைத்தான் செய்தேன்.

விளம்பரத்தைப் பார்த்துவிட்டு யாரோ கடைக்கு ஓடி வந்து சாமான் வாங்கினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி ஒருவர் வந்ததாக எனக்கு இன்றுவரை தகவல் இல்லை. ஹட்டனில் இருப்பதே ஒரு பெரிய வீதி. எந்தக் கடை எங்கே இருக்கிறது என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நான் விற்றது வேறு சரக்கு. தன் முகத்தைத் தானே பத்திரிகையில் பார்க்கிற சுகத்தை விற்றேன். வீதிக்கு இந்தப் பக்கத்து நகைக்கடை முதலாளியின் படம், எதிர்ப்பக்கத்து நகைக்கடை முதலாளியின் படத்தைவிட அரை அங்குலம் பெரிதாக வரவேண்டும். அவ்வளவுதான் அவர் என்னிடம் கேட்டது. நானும் மனச்சாட்சிப்படி இரண்டு பேருக்கும் அதே வாக்கைக் கொடுத்தேன்.

இதில் பெரிய காரியம் தேர்த் திருவிழாதான். வருடத்தில் ஒரு நாள், பத்திரிகையின் நடுவில் திருவிழாவுக்கென்று விசேட பக்கங்கள் வரும். உச்சியில் அம்மன் படம். அதற்குக் கீழே கோயில் தலைவர். அவருக்குக் கீழே கடைக்காரர்கள், கும்பிட்ட கையோடு வரிசையாக. 'அம்பாளின் அருள் வேண்டி' என்று எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் போடுவார்கள். அருளில் யாருக்கும் சண்டை வந்ததில்லை. அம்பாளுக்குப் பக்கத்தில் யார் படம் வருகிறது என்பதில்தான் சண்டை. ஒரு வருடம் கொழும்பில் பக்கம் செய்தவர்கள் நகைக்கடை முதலாளியை மருந்துக்கடைக்காரருக்குக் கீழே போட்டுவிட்டார்கள். அன்று காலையில் கடைக்குப் போனேன்.

"என்னா மிஸ், நான் மருந்துக்கடைக்கு கீழயா?" என்றார்.

"இல்லைங்க மொதலாளி, பேரு எழுத்து வரிசையில போட்டிருக்காங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எழுத்து வரிசையா? அம்மனுக்கு பள்ளிக்கூடமா நடத்துறீங்க?"

அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்தக் கடையில் எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை. ஏழாம் மாதம் அவர் மகளுக்குக் கலியாணம் வந்தது. வாழ்த்து விளம்பரம் அரைப் பக்கம், அவர் மட்டும், சுற்றிலும் ஒரு ஈ காக்காய் இல்லாமல். தேத்தண்ணி திரும்பி வந்தது, கூடவே கேக்கும் வந்தது.

இப்படிச் சிரித்துக்கொண்டு சொன்னாலும் அந்த வேலை எனக்குச் சாதாரணமானதில்லை. என் அம்மா வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில், விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய் நிற்காமல் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் நான். பேக்கரிக்கு மேல்மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு கதிரை, சுவரில் பத்திரிகையின் பெயர்ப் பலகை. மழைக்காலத்தில் அந்த அறைக்குள் நனைந்த குடையின் வாசமும் கீழேயிருந்து பாண் வேகிற வாசமும் சேர்ந்து வரும். அம்மா ஒரே ஒரு முறை அங்கே வந்தார். கதிரையில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று, கடைசி வரைக்கும் நின்றுகொண்டே அறையைப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. வரும்போது நான் பயப்படவில்லை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வானொலி வந்தபோதும் தொலைக்காட்சி வந்தபோதும் பத்திரிகை செத்துவிடும் என்றார்கள், சாகவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வசனத்தை முதலில் வாங்கிக்கொள்ள மறுத்தவர் புடவைக்கடை முதலாளி. தீபாவளி விளம்பரத்துக்காகப் போயிருந்தேன். கால்பக்கம், கலர், வழமையானது.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். பேப்பர்ல போட்டா எத்தன பேரு பாக்குறாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

"எல்லாரும் பாக்குறாங்க மொதலாளி."

"எல்லாரும்னா? கணக்கு இருக்கா? இங்க பாருங்க." போனை நீட்டினார். அவர் கடைச் சேலையின் படத்துக்குக் கீழே விருப்பக்குறிகள் ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தன. காசு கட்டிப் பரப்பியதாம். மூன்று பேர் விலை கேட்டிருந்தார்கள். யாரென்று தட்டிப் பார்த்தேன். ஒருவர் டுபாயில் லொறி ஓட்டுகிறவர். ஒருவர் மதுரையில் தானே புடவைக்கடை வைத்திருப்பவர். மூன்றாவது ஆள் எல்லாக் கடைப் படத்துக்கும் கீழே விலை கேட்பதையே தொழிலாக வைத்திருந்தார்.

"இவங்கள்ல யாராச்சும் ஹட்டனுக்கு வந்து சாரி எடுப்பாங்களா மொதலாளி?"

"வராட்டி போறாங்க. பாத்தாங்கல்ல?"

இருபது வருடமாக நான் அவருக்கு விற்ற சரக்கையே எண்ணிக்கை போட்டு வேறு யாரோ விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தத் தீபாவளிக்கு அவர் கால்பக்கம் தரவில்லை. மரியாதைக்கு ஒரு காலெண்டர் தந்தார்.

அடுத்தவர் வர்த்தகப் பாடம் எடுக்கிற மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்துகிறவர். மாதம் ஒரு சிறு விளம்பரம் தருவார்.

"பிள்ளை, குறை நினையாதேங்கோ. உங்கட பேப்பரை இப்ப ஆர் வாசிக்கினம்? என்ர வகுப்புப் பிள்ளையள் முழுக்க ஃபோனுக்கதான் கிடக்குதுகள். நானும் அதுக்கதான் வகுப்பு வைக்கிறன்" என்றார். பிறகு என் மேல் இரக்கம் வந்து, கேள்வியும் நிரம்பலும், அதாவது வாங்குகிறவர்களின் தேவையும் சரக்கு வரத்தும், பற்றிப் பத்து நிமிடம் எனக்குப் பாடம் எடுத்தார். கேள்வி குறைந்தால் விலை குறையுமாம். அதை அவர் கரும்பலகையில் கீறியும் காட்டினார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படி ஒவ்வொருவராகக் கழன்று கொண்டிருந்தபோதுதான் ஒரு திருவிழாக் காலத்துக்கு முன்னால் கொழும்பிலிருந்து எங்கள் விளம்பர மெனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட செய்தியை முகஸ்துதியில் தொடங்குகிற பழக்கம் அவருக்கு உண்டு.

"மிஸ், உங்களப் போல உழைக்கிற ஆள் எங்களுக்கு வேற ஊர்ல இல்ல. அதால ஒளிக்காம சொல்றன். திருவிழாவுக்கு எட்டுப் பக்கம் வேணும். எட்டு வந்தா ஹட்டன் ஒபிஸ் இருக்கும். வராட்டி, மேல உள்ளவங்க மூடச் சொல்றாங்க."

"போன வருசம் அஞ்சு தானே சார் வந்துச்சு."

"அதான் மிஸ், எட்டு."

எட்டு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அறை மூடினால் வேலையும் இல்லை என்பது மட்டும் விளங்கியது. என் கணவர் தேயிலை ஃபெக்டரியில் மூட்டை தூக்கி முதுகு போய் வீட்டில் இருந்தார். மகள் கல்வியியற் கல்லூரியில் முதலாம் வருடம். எனக்கு நாற்பத்தொன்பது வயது. அந்த வயதில் மலையேறிக் கொழுந்து பறிக்கத் தெரியாது, கொழும்பில் போய்க் கடையில் நிற்கவும் யாரும் எடுக்க மாட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு வீதியில் இறங்கினேன். இரண்டு வாரம் நடந்தேன். டிக்கோயா, கொட்டகலை, தலவாக்கலை என்று பஸ்ஸில் தொங்கினேன். வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது என்பதால், எல்லோரும் தேத்தண்ணி கொடுத்து "பாப்போம் மிஸ்" என்றார்கள். ஒரு நாளைக்கு ஒன்பது தேத்தண்ணி குடித்த நாளும் உண்டு. பதினான்காம் நாள் எண்ணிப் பார்த்தால் கையில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. அதில் ஒரு பக்கம் கோயில் தலைவருடையது. அவர் படம் இல்லாமல் திருவிழா நடக்காது.

பதினைந்தாம் நாள் காலையில், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் மேல்மாடிப் படியில் தடதடவென்று ஏறி வந்தார். பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கண்டாக்காக, அதாவது மலையில் வேலை பார்ப்பவர்களை மேய்க்கிற உத்தியோகத்தராக, இருந்து ஓய்வு பெற்றவரின் மூத்த மகன். அப்பா விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டாராம். கொழும்பிலிருந்த தம்பி உடனே முகநூலில் போட்டிருக்கிறார். படத்துக்குத் தேடியபோது கைக்கு அகப்பட்டது, அப்பாவின் ஓய்வு விழாவில் எடுத்த படம். பொன்னாடை, ரோஜாப்பூ மாலை, வாய் நிறையச் சிரிப்பு. அதோடு தம்பி படித்தவர். ஆகவே இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னாரின் மைத்துனரும் என்று முறைப்படி ஊரில் ஒருவரையும் விடாமல் எழுதி, விஷயத்தைக் கடைசியில் வைத்திருந்தார். போனில் முதல் மூன்று வரிதான் தெரியும். மிச்சத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். படத்தைப் பார்த்தவர்கள் தட்டவில்லை.

"இங்க பாருங்கக்கா" என்று போனைக் காட்டினார். 'மென்மேலும் வளர வாழ்த்துகள் ஐயா.' 'நூறாண்டு வாழ்க.' 'பார்ட்டி எப்போது?' அவருடைய சொந்தச் சித்தப்பா இரண்டு கை கூப்பல்களும் ஒரு கேக்கும் அனுப்பியிருந்தார்.

"மானம் போகுதுக்கா. அப்பா செத்து கெடக்காரு, ஊரே வாழ்த்திக்கிட்டிருக்கு."

"அத அழிச்சிட்டு வேற போடுங்களேன் தம்பி."

"போட்டோம்க்கா. மாலை போட்ட வேற படம். அதுக்கும் வாழ்த்துறாங்க. நீங்க பேப்பர்ல போடுங்க. கறுப்புக் கட்டம் கட்டி பேப்பர்ல வந்தா தான் நம்புவாங்க."

"இன்னைக்குக் குடுத்தா நாளைக்கு காலைல தான் வரும்."

"நாளைக்கு மத்தியானம் எடுக்குறோம்க்கா. நாளைக்கு வந்து என்னா செய்ய? இப்ப வேணும்."

பக்கம் அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பதற்காகக் கொழும்பிலிருந்து அதன் படத்தை எனக்குப் போனில் அனுப்புவார்கள். புரூஃப் என்போம். பக்கம் செய்கிற பெண்ணைக் கூப்பிட்டு, மற்ற வேலையை வைத்துவிட்டு இதை முதலில் செய்து தரும்படி கெஞ்சினேன். இருபது நிமிடத்தில் வந்தது. மேலே பத்திரிகையின் பெயர், கீழே கறுப்புக் கட்டம், 'மரண அறிவித்தல்' என்று கொட்டை எழுத்து. சிரிப்பில்லாத படம் ஒன்று அடையாள அட்டையிலிருந்து எடுத்தது. அதை அவருக்கு அனுப்பினேன். அவர் அங்கேயே உட்கார்ந்து முகநூலில் போட்டார்.

ஐந்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு 'உண்மையாகவா?' என்று ஒருவர். பிறகு அனுதாபங்கள் வரிசையாக வந்தன. சித்தப்பா கேக்கை அழித்துவிட்டார். போன் அடிக்கத் தொடங்கியது. எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள், தோட்டத்துக்கு வருவதா, சந்தியில் நிற்பதா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நான்காவது அழைப்பில் அவர் பேச முடியாமல் என் மேசையில் தலையைச் சாய்த்து அழுதார். அதுவரைக்கும் அழ நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. நான் கீழே போய்த் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அந்த அறிவித்தல் பத்திரிகையில் ஒழுங்காக வந்தது. எடுத்து வைத்தேன். அவர் கேட்கவில்லை. துக்கம் கழிந்து சந்தித்தபோதும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது பத்திரிகை இல்லை, பத்திரிகையில் வந்த மாதிரி ஒரு படம்.

அவர் என் மேசையில் அழுத அன்றுதான் எனக்கு அறிவு வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

அன்று பின்னேரமே நகைக்கடைக்குப் போனேன். "மொதலாளி, இந்த வருசம் அம்மனுக்கு அடுத்தது நீங்க தான்" என்றேன்.

"போன தடவயும் இதத்தான் சொன்னீங்க."

"இந்த தடவ பேப்பர் வாறதுக்கு முந்தியே உங்க போனுக்கு வரும். மேல பேப்பர் பேரு, அதுக்குக் கீழ அம்மன், அதுக்குக் கீழ நீங்க. வேற ஒருத்தரும் இல்ல. நீங்க எல்லா குரூப்புக்கும் அனுப்பலாம், பேஸ்புக்ல போடலாம். பேப்பர்ல வந்ததுன்னு சொல்லிக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதிர்க்கடைக்காரரு?"

"உங்க படத்துல அவரு இருக்க மாட்டாருங்க."

பொய் இல்லை. எதிர்க்கடைக்காரருக்கு அவருடைய படம் தனி. அதில் அம்மனுக்கு அடுத்தது அவர். மருந்துக்கடைக்காரருக்கு அவருடையது. அச்சில் உச்சி ஒன்றுதான் இருக்கும், அதற்காகத்தான் இத்தனை வருடமும் அடிபட்டார்கள். போனில் ஆளுக்கு ஓர் உச்சி. நாற்பத்திரண்டு கடைக்காரர்களை அம்பாளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அம்பாளுக்கே மூச்சு முட்டியிருக்கும். புடவைக்கடை முதலாளி கால்பக்கத்தை விட்டு அரைப்பக்கம் தந்தார். வர்த்தக மாஸ்டர்கூட, கேள்வி திடீரென்று எப்படிக் கூடியது என்று விசாரித்துவிட்டு, "அப்ப எனக்கும் ஒண்டு போடுங்கோ பிள்ளை, சரஸ்வதியையும் பக்கத்தில விடுங்கோ" என்றார்.

அன்றிலிருந்து பதினோராம் நாள் எட்டுப் பக்கம் நிறைந்தது. மெனேஜருக்குச் சொன்னேன். "எப்பிடி மிஸ்?" என்றார். விளங்கப்படுத்தினேன். "இத நீங்க இங்க வந்து எல்லாருக்கும் சொல்லணும்" என்றார்.

கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடத்தில் தலைமைக் காரியாலயத்தின் மூன்றாம் மாடிக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. முதல் நாள் இரவு ரயிலில் போனேன். புதுச் சேலை கட்டியிருந்தேன், மகள் தன் கைப்பையைத் தந்து அனுப்பினாள். குளிரூட்டிய அறை, நீள மேசை, சுற்றிலும் ஒன்பது பேர். மலையகத்திலிருந்து ஒரு மிஸ் வந்து வியாபாரம் சொல்லித் தருகிறார் என்று மெனேஜர் அறிமுகப்படுத்தினார். சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்தே வருகின்றன.

வெள்ளைப் பலகையில் எழுதியே காட்டினேன். கடைக்காரர் தன் படத்தைப் போனில் எனக்கு அனுப்புவார். நான் அதைப் பக்கம் செய்கிற பெண்ணுக்கு அனுப்புவேன். அவர் புரூஃப் செய்து எனக்கு அனுப்புவார். நான் அதைக் கடைக்காரருக்கு அனுப்புவேன். ஒரு குழப்பமும் இல்லாமல், அம்புக்குறி எல்லாம் போட்டு, என் பெயரை நடுவில் வட்டமிட்டு விளங்கப்படுத்தினேன்.

"அச்சில வரேக்க வரிசை பிரச்சினை வராதா?" என்று ஒருவர் கேட்டார்.

"அது தான் சார் ஒரே கரச்சல். அச்சுல யாராச்சும் கீழ போகத்தான் வேணும்."

"அச்சடிக்காம விட்டா?"

"ஒருத்தரும் கேக்க மாட்டாங்க சார்" என்றேன். கேட்டவுடனே பதில் சொல்லிவிட்டேன். வரிசைச் சண்டை தீர்ந்தது என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒன்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் இருந்த ஒரு பெண், புதிதாக வந்த அதிகாரியாம், பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்.

"கடைக்காரர் படத்த அனுப்புறார். இங்க செய்து திருப்பி அனுப்புறம். நடுவில நீங்க என்ன செய்றீங்க மிஸ்?"

பலகையைத் திரும்பிப் பார்த்தேன். வட்டத்துக்குள் என் பெயர் அழகாக இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து அம்பு வந்தது, மறுபக்கத்தால் போனது.

"நான்... கடைக்குப் போய் பேசுறேங்க" என்றேன்.

"ஓகே" என்று அதையும் எழுதிக்கொண்டார். மத்தியானம் எல்லோருக்கும் புரியாணி வந்தது. எனக்குக் கோழித்துண்டு பெரியதாக வைத்தார்கள்.

திருவிழா அன்று மழை விட்டிருந்தது. தேர் வீதிக்கு வந்தபோது ஒவ்வொரு கடை வாசலிலும் முதலாளிமார் ஒரு கையால் அம்மனைக் கும்பிட்டு மறு கையில் போனைப் பிடித்திருந்தார்கள். எல்லோரும் எல்லோருக்கும் தங்கள் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நகைக்கடை முதலாளிகளும் வீதிக்குக் குறுக்கே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததைக் கண்டேன். நான் இருந்த இருபத்திரண்டு வருடத்தில் நடக்காதது. பத்திரிகை வழமையான பக்கங்களோடு வந்திருந்தது, நடுவில் அந்த எட்டுப் பக்கம் இல்லை. அதைக் கேட்டவர் ஒருவர்தான், கோயில் சந்தியில் வடை போடுகிறவர்.

"என்னா மிஸ், இன்னைக்கு பேப்பரு இவ்வளவு மெல்லிசா இருக்கு? நல்லநாள்ல வட சுத்தக் காணாதே" என்றார்.

ஒரு மாதம் கழித்து மெனேஜர் கூப்பிட்டார். முகஸ்துதி வழமையைவிட நீளமாக இருந்தது. அப்போதே விளங்கிவிட்டது. எட்டுப் பக்கம் வந்தால் அறை இருக்கும் என்றீர்களே என்று கேட்டேன்.

"வந்திச்சு தானே மிஸ். அதுதான் பிரச்சினையே. இவ்வளவு லேசா வருதெண்டா அங்க ஒரு ஒபிஸ் எதுக்கு எண்டு கேக்கிறாங்க."

எட்டுப் பக்கம் வராமல் இருந்திருந்தால் அதற்காக மூடியிருப்பார்கள், வந்ததால் இதற்காக மூடினார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் எங்கே நின்றிருந்தால் தப்பியிருப்பேன் என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவருக்கும் இரண்டு பிள்ளைகள். அடுத்ததாக அவர் ஓர் உதவி கேட்டார். இனிமேல் ஹட்டன் வாடிக்கையாளர்கள் விளம்பரங்களை நேரடியாக ஒரு வாட்ஸ்அப் இலக்கத்துக்கு அனுப்பலாம் என்று ஓர் அறிவித்தல் போட வேண்டும். "உங்கட தமிழ் நல்லாருக்கும் மிஸ். நீங்களே எழுதித் தாங்களேன்."

எழுதிக் கொடுத்தேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேறு யாராவது எழுதினால் பிழை விடுவார்கள் என்று தோன்றியது. இரண்டு முறை திருத்தி, 'எமது அன்பான மலையக வாடிக்கையாளர்களுக்கு' என்று தொடங்கி, 'உங்கள் நேரத்தையும் சிரமத்தையும் மிச்சப்படுத்தும் பொருட்டு' என்று எழுதினேன். சிரமம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். மிச்சப்படுத்த வேண்டிய சிரமம் நான்தான்.

மாதக் கடைசியில் அறையைக் காலி செய்தேன். மேசையைக் கொழும்புக்கு எடுக்க லொறி வரவில்லை. பேக்கரி முதலாளி சிங்களத்தில், மாவு மூட்டை வைக்கக் கேட்டார், கொடுத்துவிட்டேன். பெயர்ப் பலகையைக் கழற்றியபோது சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு ரயில் நிலையத்துக்குப் போகிற படியில் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போய்க் கணவர் முகத்தையும் மகள் முகத்தையும் பார்க்க வேண்டும், என்ன சொல்வது என்று தெரியவில்லை. போனை எடுத்தேன். அந்தப் புது இலக்கம் வேலை செய்கிறதா என்று யாராவது பார்த்தார்களோ என்னவோ என்ற பழைய பொறுப்பு. 'வணக்கம், ஹட்டனிலிருந்து ஒரு விளம்பரம் கொடுக்க வேண்டும்' என்று தட்டி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. ஆள் இல்லாமல் தானாக வருகிற பதில். எழுத்துப்பிழை இல்லை.

'எம்மைத் தொடர்புகொண்டமைக்கு நன்றி. உங்கள் பிரதேசத்துக்குப் பொறுப்பான எமது பிரதிநிதி விரைவில் உங்களைச் சந்திப்பார்.'

ஹட்டனில் அந்தப் பிரதிநிதி நான்தான். நான்கரை மணி ரயில் வந்து போகும்வரைக்கும் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.